கூறைப்புடவை வெளுத்த ஆல்பம்

அன்புள்ள அம்மாவுக்கு,

தேன்மொழி வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

பயப்படாதீர்கள், வேலையில் ஒரு சிக்கல். இங்கே ஜாலான் புசார் தெருவில் இருக்கும் எங்கள் ஸ்டூடியோவுக்கு இன்று ஒரு கல்யாண ஆல்பம் அச்சாகி வந்தது. திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். என் கணினியில் தகதகவென்றிருந்த சிவப்புக் கூறைப்புடவை, நாற்பது பக்கத்திலும் வெளுத்துக் கிடந்தது.

“என்னம்மா இது? எம் பொண்ணு பழைய புடவை கட்டின மாதிரில்ல இருக்கு!” என்று ஆல்பம் வாங்க வந்த மணப்பெண்ணின் அம்மா அழுதுவிட்டார்.

தப்பு என்னுடையது. படத்தைத் திருத்துமுன் கலர் ஸ்பேஸ் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். எவ்வளவு நிறம் கொள்ளும் என்ற அளவு அது. பெரியதுதானே நல்லது என்று இருப்பதிலேயே பெரியதை எடுத்தேன். அச்சகத்து மெஷினுக்குச் சின்னதுதான் புரியும். சின்னதாக மாற்றாமல் அனுப்பியதால் நிறமெல்லாம் வெளுத்துவிட்டது.

“மாத்தி அனுப்பு, மறுபடி அடிச்சிடலாம் லா” என்றார் முதலாளி ரஞ்சன், இந்த ஊர்ப் பேச்சில். வேலை போகவில்லை.

அம்மா, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உங்கள் முகமும் வெளுத்துத்தான் தெரிந்தது. ஃபோன் கோளாறு என்று நானே சொல்லிக்கொண்டேன். இனி எந்தத் திரையையும் நம்ப மாட்டேன். நாளைக்கே ரத்தசோகையா என்று ரத்தம் பரிசோதித்து, முடிவுத் தாளை அனுப்புங்கள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

தேன்மொழி