ஏழாவது ஃப்ரெட்டில் ஒரு கரகரப்பு

ஜூன் 4, திங்கள்
மிக்சி பழுது பார்க்கப் போயிருக்கிறது. மாடிக் குழாயும் சொட்டுகிறது.

இவர் கிதாரை உறையில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டார். ஏன் என்றேன். “விரல் போச்சு டீச்சர். சனிக்கிழமை எங்க குழு டிரம்ஸ்காரன் வந்து எடுத்துக்கட்டும்.” நான் ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் டீச்சர்தான்.

மார்ச்சில் கார் கதவில் இடது மோதிரவிரல் நசுங்கியது. அதன்பிறகு, கிதார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் ஏழாவதான ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தினால் சுரம் கரகரக்கிறது. வலு இல்லை என்று அவரே தீர்ப்பெழுதிவிட்டார். நண்பர்களோடு நாற்பது வருடம் வாசித்த கை.

ஜூன் 5
அவர் கடைக்குப் போனதும் கிதாரை இறக்கி ஒலிபெருக்கியில் மாட்டினேன். ஏழாவது ஃப்ரெட், அதே கம்பி, என் விரல், முழு பலம். கரகரப்பு! சோதனையில் ஒன்றை மட்டும் மாற்று என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். விரலை மாற்றினேன், சத்தம் மாறவில்லை.

சொன்னேன். “வாசிக்கத் தெரியாதவ அழுத்தினா கரகரக்கத்தானே செய்யும்” என்றார்.

ஜூன் 6
சத்தம் ஏழாவதில்தானே? அதன் தலையை அரத்தால் மெல்லத் தேய்த்தேன். முன்னைவிட மோசம். ஐயோ, இப்ப என்ன பண்றது? அவரைக் கேட்காமல் தொட்டிருக்கக் கூடாது.

“விட்டுடு” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 7
பாத்திரம் கழுவும்போது உறைத்தது. வகுப்பில் அழுகிறவனை அதட்டாதே, பக்கத்தில் இருப்பவன் கிள்ளினானா என்று பார் - புது ஆசிரியர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஏழில் அழுத்தினால் கம்பி ஏழுக்கு அப்பால்தான் அதிர்கிறது. எட்டாவது உயர்ந்திருந்தால் அதில் இடிக்கும்.

ஏழு, எட்டு, ஒன்பது மூன்றின் மேலும் சிறிய இரும்பு ஸ்கேலை வைத்தேன். எட்டின் மேல் நின்று சீசா பலகை போல ஆடியது. குனிந்து பார்த்தால் எட்டின் ஓரம் மரத்தைவிட்டு எழும்பியிருக்கிறது. அடியில் காகிதம் நுழைகிறது.

விரல் நசுங்கிய அன்று கிதாரும்தான் கீழே விழுந்தது. விரலுக்குக் கட்டுப் போட்டோம். கிதாரை யாரும் பார்க்கவில்லை.

அவரைக் கூப்பிட்டுக் காகிதத்தை நுழைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கேட்டார்.

ஜூன் 8
தச்சரிடம் பசையும் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பும் கடன் வாங்கினோம். மரத்துண்டு வைத்துத் தட்டி, எட்டாவதை உட்கார வைத்து இறுக்கியாயிற்று.

ஜூன் 9, சனி
ஏழாவதை நான் தாழ்த்திவிட்டதால் மற்ற எல்லாவற்றையும் அதன் மட்டத்துக்கு இறக்க வேண்டியதாயிற்று. டீச்சர் செய்த தப்புக்கு வகுப்பு முழுவதற்கும் தண்டனை. எல்லாத் தலையிலும் பேனா மை பூசி, நேரான கட்டையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தோம். ஏழின் மை அழிந்ததும் நிறுத்தினோம். பிறகு ஒவ்வொன்றின் தலையையும் வளைவாகத் தேய்த்து, மெருகிட்டார் அவர்.

மாலையில் டிரம்ஸ்காரர் வந்தார். கிதார் தருவதாக இல்லை என்று இவர் சொல்ல, “அதான் எனக்குத் தெரியுமே, உறை மட்டும் குடு” என்றார் அவர்.

ஜூன் 17
காலையிலிருந்து ஒரே பாட்டு. ஏழாவது சுத்தம். வேகமான இடத்தில் மட்டும் மோதிரவிரல் ஒரு கணம் பிந்துகிறது. பிந்தியதும் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து.

“கேட்டுச்சா டீச்சர்? இது என் தப்பு.”

சந்தோஷமாகத்தான் சொன்னார். காதுக்குப் பஞ்சு வாங்க வேண்டும்.