மீதமிருக்கும் இரண்டு தோட்டாக்கள்

பழைய கூட்டாளிக்கு,

நேற்று சரளைக் குழியில் தனியாக, மான் வேட்டைக்கு முன் துப்பாக்கியின் குறியைச் சரிபார்த்தேன். உள்ளே புரி வெட்டிய துப்பாக்கிக் குழலுக்கு எந்த ரக பிளாஸ்டிக் உறைத் தோட்டா ஒத்துவரும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். முன்பு ஆளுக்கு இரண்டு பெட்டி வாங்கிப் பகிர்ந்துகொள்வோம். இப்போது நான் வாங்கிய விலை உயர்ந்த இரண்டு ரகமும் நூறு கஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. "மான் உனக்கு நன்றிக் கடுதாசி போடும்டா" என்று தொலைநோக்கியோடு பின்னால் நின்று சொல்ல நீ இல்லை. ஒவ்வொரு முறையும் நானே நடந்துபோய்க் குறி அட்டையைப் பார்த்தேன்.

பையில் நீ விட்டுப்போன மலிவுப் பெட்டி கிடந்தது. அதிலிருந்த ஐந்தில் மூன்றைச் சுட்டேன். மூன்று துளைகளையும் உள்ளங்கையால் மூடிவிடலாம்.

கடைக்கார லோவெலிடம் அந்த ரகத்தைக் கேட்டேன்.

"அது இப்ப வர்றதே இல்லப்பா. உன் கூட்டாளிகிட்ட இருக்கும், கேளு."

"நாங்க பேசுறதில்ல."

"ஆலையே மூடிப் போயிடுச்சு, இன்னும் என்னடா வேலைநிறுத்தம்?"

வேலைநிறுத்தத்தின்போது உன் மகளின் மருந்துச் செலவுக்காகத்தான் நீ ஆலைக்குள் வேலைக்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஆலை வாசலில், உன் வண்டியில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே உன்னைக் கருங்காலி என்றேன். பிறகு முதலாளி நம் இருவரையும் ஒரே தாளில் வெளியே அனுப்பினான். அவனைத் திட்ட வாசலில் ஒருவரும் நிற்கவில்லை.

நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து முடிந்த திங்கட்கிழமை, மான் வேட்டை தொடங்கும் அன்று, விடியும்போது பழைய வேலியோரம் இருப்பேன். எனக்கு ஒரு தோட்டா போதும். மற்றது உனக்கு. உன் குழலுக்கு அது ஒத்துவராது. வந்து என் துப்பாக்கியால் சுடு.

உன்னை அப்படிக் கூப்பிட்டவன்