மூன்று வருட இடைவெளி

14.7.2005, வியாழன்

காலையில் எங்கள் கல்லூரியில் பிஎச்.டி. சேர்க்கைக்கு நேர்காணல் நடந்தது. தேர்வுக் குழுவில் ஆராய்ச்சி மாணவர் ஒருவரும் இருக்கணும் என்று புது விதி, அதனால் என்னையும் உட்கார வைத்தார்கள். குறிப்பு எழுதினால் போதும், வாய் திறக்க வேண்டாம் என்று குழுவில் இருந்த என் ஆராய்ச்சி கைடு முன்பே சொல்லிவிட்டார்.

மூன்றாவதாக வந்தவள் முத்துலட்சுமி. தென்காசிப் பக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, மூன்று வருடமாகச் சுங்குவார்சத்திரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் உற்பத்தி லைனில் சர்க்யூட் போர்டு சோதிக்கிறாள். நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். போர்டில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் இணைப்பு ஏன் விரிசல் விடுகிறது என்று கேட்டார்கள். தானே நோட்டில் எழுதி வைத்திருந்த வெப்பநிலைகளைக் காட்டி, நிதானமாக விளக்கினாள்.

அவள் வெளியே போனதும் கைடு, "மூணு வருஷம் கேப். கம்பெனிப் பொண்ணு, பாதியில ஓடிடும். தகுதியில்லைன்னு எழுதும்மா" என்றார்.

"அந்த மூணு வருஷமும் அவ ஆராய்ச்சிதான் சார் பண்ணியிருக்கா. நான் அப்படி எழுத மாட்டேன்."

"உன் தீசிஸ்ல நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

முத்துலட்சுமி சொன்ன பதில்களை ஒன்று விடாமல் எழுதிக் குழுத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, அடுத்த வாரம் அவளை மறுபடி கூப்பிடச் சொன்னார். கைடு என் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனார்.

நாளைக்கு என் தீசிஸின் நான்காம் அத்தியாயத்தை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுப்பேன். திருப்பி அனுப்பினால், மறுநாளும் கொண்டுபோய்க் கொடுப்பேன்.