கட்டைவிரல் தேடிய லீவர்

அன்புள்ளவருக்கு, வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தைக்கு இருமல் நின்றதா?

ஜெயித்துவிட்டேன்! எங்கள் கம்பெனி தயாரிக்கும் புது ஃபிலிம் கேமராவில், ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கட்டைவிரலால் இழுத்து ஃபிலிமை நகர்த்தும் லீவரை எடுத்துவிட்டு மோட்டார் வைக்க நிர்வாகம் முடிவு செய்திருந்ததல்லவா? நேற்றுக் கூட்டத்தில் நான் வாதாடவே இல்லை. லீவர் இல்லாத மாதிரியை நிர்வாக இயக்குநர் கையில் கொடுத்து, "நாலு படம் எடுங்க சார்" என்றேன்.

எடுத்தார். நான்கு முறையும் அவருடைய கட்டைவிரல், இல்லாத லீவரைத் தேடி வெறும் தகட்டைத் தடவியது. கணக்குப்பிரிவு மேலாளர்கூடச் சிரித்துவிட்டார்.

"என் விரலே என்னைக் காட்டிக்கொடுத்துடுச்சே!" என்றார் இயக்குநர். "லீவர் அப்படியே இருக்கட்டும். இந்த மாடலை இனி நீங்களே பாத்துக்கோங்கம்மா."

உங்கள் மனைவி இப்போது குழுத் தலைவி!

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். என் நீலப் போர்வையை அனுப்பிவையுங்கள். ஒரு ஆளுக்கு அளவான, டீ போடும் பாத்திரம் வாங்கிக்கொள் என்றீர்களே, வாங்கவில்லை. இந்த ஊருக்குத் தனியாக வந்து எட்டு மாதமாகியும் என் கை இரண்டு பேருக்குத்தான் தண்ணீர் வைக்கிறது. அதுவும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள்,
தலைவி