ஆடு தின்ற உத்தரவு

கல்லு சாரு அவர்களுக்கு,

இன்று காலையில் உங்கள் தகர டப்பாவைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதுமே அந்த மை வாசனை மூக்கில் ஏறிவிட்டது. போன தை மாதம் நீங்கள் சுருட்டி வைத்துவிட்டுப் போன தாள் அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்தில் பிரஷ், மை ஒற்றும் துணி உருண்டை. பங்குனியில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாக உங்கள் மகன் போனில் சொன்னதிலிருந்து நான் அந்த டப்பாவைத் தொடவே இல்லை.

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து ஏறாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. "மாமா, நேரா விஷயத்துக்கு வா" என்கிறாள். மலைப்பாதை என்றைக்கு நேராகப் போயிருக்கிறது? சரி, சொல்லிவிடுகிறேன். போன வாரத்து மழையில் எங்கள் சாமிக்கல், அந்த வேடியப்பன் காலடி மண் அரித்துக்கொண்டு போய்விட்டது. கல்லில் நீங்கள் பார்க்கத் தவித்த கடைசி வரி வெளியே தெரிகிறது.

நீங்கள் முதல்முதலாக வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆன புதிது. உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும். அப்போது பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். தோளில் பை, கையில் இந்த டப்பா, செருப்பு அறுந்து வெறுங்காலோடு ஏறி வந்தீர்கள். நிலம் அளக்க வந்த ஆள் என்று பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். சாமியைப் பெயர்த்துக்கொண்டு போக வந்தவன் என்றார் பூசாரி. நான் மட்டும் புளி உலுக்கிக்கொண்டிருந்த மரத்திலிருந்து இறங்கி வந்து கேட்டேன்.

"இன்னா சாரு வேணும்?"

"ஒரு வருசப் படிப்புண்ணா. எம்ஃபில்னு பேரு. பரீட்சைய விட, நாமளே ஒண்ணத் தேடி எழுதிக் குடுக்கறதுதான் பெரிசு."

"இன்னாத்தத் தேடற?"

"இந்தக் கல்லுல வில்லோட நிக்கிறவரு யாருன்னு."

நான் சிரித்துவிட்டேன். "இதுக்கு ஒரு வருசமா? வேடியப்பன்."

"அது சாமியானப்புறம் நீங்க வெச்ச பேரு. மாட்டை மீட்கப் போய்ச் செத்தாரே, அன்னிக்கு அவரு பேரு இன்னா?"

எங்கள் முப்பாட்டன் காலத்திலிருந்து பொங்கல் வைக்கிறோம், கிடா வெட்டுகிறோம். பேர் கேட்க எவனுக்கும் தோன்றவில்லை.

கல்லில் மேலே இருந்த வரிகளை நீங்கள் தாளில் எடுத்தீர்கள். ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். தட்டுகிற வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். ராஜா பேர் வந்தது, மாடு வந்தது. ஆள் பேர் மட்டும் மண்ணுக்குள் இருந்தது. ஒரு முழம் தோண்டினால் போதும். ஆனால் வேடியப்பன் காலடியில் கடப்பாரை வைக்க வேண்டுமென்றால் பூ கேட்க வேண்டும். நனைத்த அரளிப்பூவைக் கல்லின் நெற்றியில் ஒட்டுவார்கள். வலது பக்கம் விழுந்தால் உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் இல்லை. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம்.

அங்கேதான் வந்தது வினை. மரியாதைக்காக நீங்கள் ஒரு டின் நல்லெண்ணெய் வாங்கி வந்தீர்கள். பூசாரிக்கு ஒரே குஷி. பட்டணத்துச் சாரு கொடுத்தது என்று மொத்தத்தையும் சாமி தலையில் கொட்டி, மஞ்சளையும் குங்குமத்தையும் கொழகொழவென்று அப்பிவிட்டார். அதன்மேல் ஒட்டிய பூ எப்படி விழும்? ஊரே குந்திப் பார்த்தது. வெயில் ஏறியது, இறங்கியது. பூ அசையவில்லை.

"சாமி யோசிக்கிறாரு" என்றார் பூசாரி.

"எவ்ளோ நாளு யோசிப்பாரு?"

"அவருக்கு இன்னா சாரு அவசரம்? உனக்குத்தான் படிப்பு முடியப் போவுது."

அந்த நாட்களில் உங்களைப் பார்க்கவே பாவமாக இருக்கும். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பூவைப் பார்ப்பீர்கள். கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்து புல்லெல்லாம் தேய்ந்து ஒரு வளையமே விழுந்துவிட்டது. "குந்து சாரு, குந்து சாரு" என்று என் வீட்டுக்காரி சொல்லாத நாள் இல்லை. நீங்கள் குந்தியதே இல்லை. அவள் களி கிளறினால் அடுப்பைச் சுற்றியும் நடப்பீர்கள். "இவரு கட்டிக்கப்போற பொண்ணு இவரு பின்னாலயே ஓடிக்கினு சோறு போடணும்" என்பாள்.

ஒருநாள் போய்ப் பார்த்தால் பூ இல்லை. கல்லடியில் பூசாரியின் ஆடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. அரளி தின்ற ஆடு பிழைக்காது என்பார்கள். அது பிழைத்தது. அதுவே உத்தரவுதான் என்றது ஒரு கூட்டம். ஆடு எந்தப் பக்கம் நின்று தின்றது என்று கேட்டது இன்னொரு கூட்டம். பஞ்சாயத்து முடியவே இல்லை. நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

பிறகு ஊரே அடிவாரத்துத் திருவிழாவுக்கு இறங்கிப் போனது. நீங்களும் நானும்தான் இருந்தோம். கடப்பாரை என் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. நானே சொன்னேன்: "நோண்டிப் பார்த்துட்டு மூடிடலாம் சாரு. யாருக்குத் தெரியப்போவுது?"

கடப்பாரையைக் கையில் எடுத்தீர்கள். கல்வரைக்கும் போனீர்கள். வளையத்தில் எத்தனை சுற்று நடந்தீர்களோ. திரும்பி வந்து சுவரிலேயே சாய்த்துவிட்டீர்கள். "கேட்டுட்டேண்ணா. பதில் வரல. வர்றதுக்கு முன்னாடி எடுத்தா அது திருட்டு."

உங்கள் வாத்தியார், இந்தக் கல்லெல்லாம் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும், ஊகமாக ஒரு பேரைப் போடு என்றாராம். நீங்கள் போடவில்லை. பேர் வரவேண்டிய பக்கத்தில் பாதியைக் காலியாகவே விட்டு, எழுதிய புத்தகத்தைக் கொடுத்தீர்கள். பட்டம் வந்தது. மேலே படிக்க இடம் கிடைக்கவில்லை. பேங்க் வேலைக்குப் போனீர்கள். அதைப் பற்றி ஒரு சொல்லும் நீங்கள் சொன்னதில்லை. ஆனால் தை பிறந்தால் மலையேறி வந்து, பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள் ஒன்று டப்பாவில் வைப்பீர்கள்.

"இன்னும் இன்னாத்துக்கு சாரு இது?"

"அவரு குடுக்கறப்ப வெறுங்கையோட நிக்கக் கூடாதில்ல."

இப்போது கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பூசைக்குள் மண் கொட்டி மூடிவிட வேண்டும் என்று நேற்று ஊர் கூடிப் பேசியது. பழைய பூசாரியின் மகன்தான் இப்போது பூசாரி. தாளையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"கேட்டவரே போய்ட்டாரு, மாமா. உத்தரவு இனிமே யாருக்கு?"

"பாதிப் பக்கம் காலியா வெச்சிட்டுப் போய்க்கீறாரு. அதுக்கு."

அவன் வானத்தைப் பார்த்தான், மண்ணைப் பார்த்தான். "நாம நோண்டல. மழை நோண்டிச்சி. சீக்கிரம் எட்த்துக்கோ" என்றான்.

மருமகள் போனில் படம் எடுத்தாள். எடுக்கட்டும். நான் குனிந்து தாளை நனைத்து ஒட்டினேன். தட்டுகிற கை மறக்கவில்லை. இறுகிப்போயிருந்த மையைத் தண்ணீரில் குழைத்து ஒற்றினேன். ஒரு மூலை கிழிந்தது. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. மருமகளுக்கும் அந்தக் காலத்து எழுத்து புரியவில்லை. ஆனால் பேர் வந்துவிட்டது, சாரு.

உங்கள் புத்தகம் அலமாரியில் இருக்கிறது, அந்தப் பாதிப் பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது என்று உங்கள் மகன் சொன்னார். அந்த எழுத்தைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தாளோடு வந்தால் அவர்களிடம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னார். தாள் காய்ந்துவிட்டது. சுருட்டி, வேட்டித் துணியில் சுற்றி, கக்கத்தில் வைத்திருக்கிறேன். எங்கள் ஊருக்கே இப்போது பஸ் வருகிறது. வரத்தான் நேரமாகிறது.

"குந்து மாமா" என்கிறாள் மருமகள். என்னால் முடியவில்லை. பஸ் நிற்கிற இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன்.