டினோஷாவின் கல்யாணத்தில் பனிமூட்டம்

புளியந்தீவு, மட்டக்களப்பு
30.01.2025

பேரன்புக்குரிய மேர்லின் அக்காவுக்கு,

உலகத் தமிழர் அனைவருக்கும், குறிப்பாக டோஹா நகரின் தலைசிறந்த தாதிக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில்: எங்கள் வீட்டு பிரிஜ்ஜின் உச்சியில் இன்று காலை ஓர் ஒளிபரப்பு நிலையம் கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. நாடாவை வெட்டும் பொறுப்பு பூனையிடம் கொடுக்கப்பட்டிருந்தது. அது நாடாவை விட்டுவிட்டு இணைய வயரைக் கடித்ததால் விழா சற்றுத் தாமதமானது.

விசயம் இதுதான். நீங்கள் விட்டுப்போன, திரை உடைந்த லப்டொப்பை நான் சேர்வராக்கிவிட்டேன். குடும்ப வீடியோ எல்லாம் அதற்குள். நான் அனுப்பும் செயலியை உங்கள் டீவியில் திறந்தால் இங்கேயிருந்து நேரே ஓடும். அதற்கு ஏன் சேர்வர் என்று பெயர் தெரியுமா? விலகினவர்களும் ஒருநாள் சேர்வர் என்பதால். அம்மா இதற்குச் சிரிக்கவில்லை. நீங்கள் குடும்பக் குறூப்பை விட்டு விலகியதிலிருந்து அம்மா எதற்கும் சிரிப்பதில்லை. அதனால்தான் நானும் கந்தோர்க்காரன் மாதிரி மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வெளியீடு: டினோஷா அக்காவின் கல்யாணம், முழு நீளம். "வீடியோக்காரன் எதுக்கு, நான் இரிக்கன்" என்று அப்பாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வாங்கிய பொறுப்பு. அன்றைக்குப் பெய்த மழை வாவியைத் தூக்கி ஊருக்குள் ஊற்றியதுபோல இருந்தது. படமெடுத்த என் போனில் ஒரு துளி பட்டதா? படாது. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. காப்புரிமை எடுக்கும்வரை வாய் திறக்கமாட்டேன்.

உங்கள் ஒரே தம்பி (மாற்றுப் பாகம் கிடையாது),
ஜெனிஸ்டன்


டோஹா
02.02.2025

அன்புத் தம்பி ஜெனிஸ்டனுக்கு,

நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அம்மாவும்தான்.

உன் ஒளிபரப்பைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதும் பிழை. வெள்ளையாக ஒன்று நடந்து வருகிறது, பக்கத்தில் கறுப்பாக ஒன்று. வெள்ளை டினோஷா, கறுப்பு மாப்பிள்ளை அன்ரோ என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பாதரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. இடையிடையே சரசரவென்று ஒரு சத்தம் வேறு.

தம்பி, எனக்கு லீவு மார்ச்சில்தான். தவக்காலத்தில் கல்யாணம் வைக்க முடியாது, ஈஸ்டர் வரைக்கும் பொறுக்க அன்ரோவின் கப்பல் வேலை விடாது. இதெல்லாம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் மூத்தவள் இல்லாமல் எப்படிச் செய்வது என்று அந்த வீட்டில் ஒருவராவது கேட்டீர்களா? திகதி குறித்த பிறகு குறூப்பில் ஒரு செய்தி போட்டீர்கள், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் போட்ட அதே செய்தி. விலகாமல் என்ன செய்ய?

போகட்டும். கோயில் வாசலில் காரை விட்டு இறங்கும்போது டினோஷாவின் முகம் எப்படி இருந்தது என்று ஒருதரம் வடிவாகப் பார்த்தால் போதும் எனக்கு. அதைச் சரிப்படுத்தித் தா.

அக்கா,
மேர்லின்


புளியந்தீவு
05.02.2025

தாதியம்மாவுக்கு வைத்தியர் எழுதுவது,

நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளி நீங்கள்தான்.

தூர இடத்திலிருந்து பார்த்தால் செயலி தன் பாட்டில் படத்தின் தரத்தைக் குறைத்துவிடும். அமைப்புகளுக்குள் போய் அதை "மூலத் தரம்" என்று மாற்றுங்கள். அடுத்தது, உங்கள் விடுதி வைஃபை. எத்தனை பேர் சேர்ந்து உறிஞ்சுகிற இளநீர் அது? உங்களுக்கு எங்கே மிச்சம் வரும்? கேபிள் ஒன்று வாங்கி டீவியில் நேரே குத்துங்கள். சரசர சத்தம் மழையின் இசையமைப்பு. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இங்கே எங்கள் டீவியில் பளிங்கு மாதிரி ஓடுகிறது. அன்ரோ அத்தானின் மீசையை ஒவ்வொரு மயிராக எண்ணலாம்.

இப்படிக்கு,
தலைமைப் பொறியியலாளர் ஜெனிஸ்டன்


டோஹா
08.02.2025

தம்பி,

நீ சொன்னபடி தரத்தை மாற்றினேன். கேபிள் வாங்கினேன். டீவியடிக்கு அது எட்டவில்லை என்று கட்டிலை இழுத்து, அலுமாரியை இழுத்து, அறைத்தோழி லிசியோடு சண்டையும் பிடித்தேன். பிறகு அவளைச் சமாதானப்படுத்த, வெள்ளிக்கிழமை எல்லோரும் வாங்க, என் தங்கச்சியின் கல்யாணம் பார்க்கலாம் என்று வார்ட்டில் உள்ளவர்களையும் கூப்பிட்டு, இறால் குழம்பு வைத்து, கதிரை போட்டேன்.

எல்லோரும் வந்தார்கள், இருந்தார்கள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். லிசி கேட்கிறாள், "மேர்லின், உங்க ஊர்ல கல்யாணம் மேகத்துக்குள்ளயா நடக்கும்?" கேக் வெட்டுகிறார்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருந்த இடத்தில் உண்மையில் அப்பா உரையாற்றிக்கொண்டிருந்தாராம். கேக் வெட்டும்போது ஏன் ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார் என்று லிசி கேட்ட பிறகுதான் விளங்கியது.

சிரிக்காதே. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு சட்டியைக் கழுவிக்கொண்டு அழுதேன். என் வீட்டுக் கல்யாணத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

மேர்லின்


புளியந்தீவு
10.02.2025

அக்கா,

இறால் குழம்பு விசயம் வாசித்தேன். நான் சிரிக்கவில்லை.

பிழை எங்கள் பக்கத்திலும் கொஞ்சம் இருக்கலாம். லப்டொப் கிழடு. படத்தை உடனுக்குடன் மாற்றி அனுப்பும்போது சூடேறி இளைக்கிறது. அதனால் பிரிஜ்ஜிலிருந்து இறக்கி, ஆண்டவரின் திருஇருதயப் படத்தின் தட்டில் வைத்து, காற்றாடியும் பூட்டியிருக்கிறேன். இடி இடித்தால் அம்மா வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவது உங்களுக்குத் தெரியும். அதையும் நிறுத்தச் சொன்னேன். "உன்ட பெட்டிக்காக வீட்ட எரிக்கச் சொல்றியா?" என்று கேட்டார்.

இன்னொன்று. நான் கேம் விளையாடும்போது இழுபடாமல் இருக்க, வெளியே போகும் வேகத்துக்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தேன். அதையும் திறந்துவிட்டேன். இனிப் பாருங்கள். சரியாக வரும். வரவேண்டும்.

ஜெனிஸ்டன்


டோஹா
14.02.2025

ஜெனிஸ்டன்,

இன்றைக்கு லீவு. முழு நாளும் உன் பெட்டியோடுதான் கழிந்தது.

டிசம்பரில் எடுத்த நத்தார்ப் பண்டிகை வீடியோவைப் போட்டேன். அதே சேர்வர், அதே போன், அதே கேபிள். அம்மாவின் கையில் ஒட்டியிருந்த மாவு வரைக்கும் தெரிகிறது. கல்யாணத்தைப் போட்டேன். புகை. பிறகு கல்யாண வீடியோவை முழுதாக இறக்கி என் கணினியிலேயே வைத்துப் பார்த்தேன். இணையமே இல்லாமல். அதே புகை.

இன்னுமொன்று. படத்தின் குறுக்கே சரிவாக ஒரு மடிப்புக் கோடு. நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் அது கூடவே வருகிறது.

நான் வார்ட்டில் வேலை செய்கிறவள். எதையோ மறைக்கிறவர்களின் கதை எனக்குத் தெரியும். உள்ளதைச் சொல். இன்னொரு பொய் எழுதினால் உன் கடிதத்தையும் இனித் திறக்கமாட்டேன்.

மேர்லின்


புளியந்தீவு
16.02.2025

அன்பான அக்காவுக்கு,

காப்புரிமை விண்ணப்பம் வாபஸ்.

அந்தக் கண்டுபிடிப்பின் பெயர் லஞ்ச் சீற். அம்மா சோற்றுப் பார்சல் கட்டும் அதே மங்கலான பிளாஸ்டிக் தாள். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது மழை. போனை அதில் சுற்றி, றப்பர் பாண்ட் போட்டேன். கோயிலுக்குள் போனதும் கழற்ற மறந்துபோனேன். போனின் திரையும் சீற்றுக்குள்தானே இருந்தது, மூட்டம் திரையில் மட்டும்தான், உள்ளே படம் பளிச்சென்று விழுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மீசையை எண்ணலாம் என்று எழுதியது பச்சைப் பொய். அத்தானுக்கு மீசை இருப்பதே அதில் தெரியாது.

இதைவிட வெட்கமான பகுதி இனித்தான். கல்யாணத்துக்கு அடுத்த நாளே எனக்குத் தெரியும். வீடியோவை நேரே அனுப்பியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருப்பேன். சேர்வர் என்றால் பழி போட எத்தனை இடம்! வைஃபை, கேபிள், சூடு, இடி, பூனை. சேர்வரைக் கட்டியதே அதற்குத்தான், அக்கா.

தெளிவான துண்டு ஒன்று இருக்கிறது. அதை நான் ஏற்றவில்லை, ஏனென்றால் அதில் நான் பிடிபடுகிறேன். மண்டபத்தின் பின்பக்கம், சாப்பாட்டு நேரம். அம்மா போனை என் கையிலிருந்து பறிக்கிறார். "என்னடா மனே, போனுக்குச் சோறு கட்டி வெச்சிரிக்காய்?" மழைக்கு அம்மா என்கிறேன். "கோயிலுக்குள்ளயும் மழையா பெய்ஞ்சது? மடையா! மேர்லினுக்கு எதடா நான் காட்டுவன்? அவள் பாக்கணும் எண்டுதானே உன்னக் கிட்டவே நிக்கச் சொன்னன்!" சொல்லிக்கொண்டே சீற்றை உரிக்கிறார். அந்த நொடியிலிருந்து படம் பளிங்கு.

டினோஷா அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு அரிசி மூடைமேல் இருக்கிறா. "பாதரிட்ட எத்தின தரம் போனீங்க அம்மா, மார்ச்சில ஒரு நாள் தாங்க எண்டு கெஞ்சினீங்களே, அத அக்காக்கிட்டச் சொன்னா என்ன?" என்று கேட்கிறா. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏலாமப் போனதச் சொல்லி என்ன புள்ள? அங்க தனியக் கிடந்து அழுவாள். என்னோட கோவமா இருந்தாலும் பரவால்ல" என்கிறார். பிறகு கமரா பக்கம் திரும்பி, "நிப்பாட்டடா அத."

நான் நிப்பாட்டவில்லை. அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.

துண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். வாசலில் இறங்கிய டினோஷா அக்காவின் முகம் என்னிடம் இல்லை. எத்தனை சேர்வர் கட்டினாலும் அது இனி வராது. அரிசி மூடைமேல் இருக்கிற முகம்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. குறூப்பில் உங்களைத் திரும்பச் சேர்க்கும் அதிகாரம் என்னிடம் இருக்கிறது. "அக்காவச் சேத்துட்டியா?" என்று அம்மா தினமும் கேட்கிறார். நீங்கள் அவரோடு பேசினால் லஞ்ச் சீற் விசயம் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில், சேர்வர் கோளாறு, இன்னும் திருத்தவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கோளாறு சேர்வரில் இல்லை, அக்கா.

ஜெனிஸ்டன்