மணைப்பலகையில் சிவகாமி

1967 நவம்பர் 6, திங்கட்கிழமை. காரைக்குடி. காலை மணி 6.40.
இலக்கம் 1: கித்தான் காயாமை

இரவெல்லாம் மழை. இப்போது தூறல். வடக்கு ஜன்னலின் கீழே சாக்கு விரித்தாயிற்று.

கித்தானை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டுகிறது. அக்டோபர் 12 அன்று சட்டத்தில் இழுத்து அடித்து, வச்சிரப் பசை பூசினேன். 14இல் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வெள்ளைப் பூச்சு, முதலாவது. 18இல் இரண்டாவது. ஐப்பசி ஈரத்துக்குச் சலுகை கொடுத்தாலும் இந்நேரம் இறுகியிருக்க வேண்டும். காயாத பூச்சின்மேல் வண்ணம் வைத்தால் ஆறு மாதத்தில் வெடிக்கும். வைக்க மாட்டேன்.

பிறர் வீட்டுத் தாய் தந்தையரைப் படமாக எழுதியே நரைத்த கை இது. என் மனைவி சிவகாமியை ஒரு முறையும் எழுதியதில்லை. அவள் இணங்கியதில்லை. முகப்பில் மாட்டும் எண்ணெய்ப் படம் செத்தவர்களுக்குத்தான் என்பது அவள் கட்சி. சென்ற மாதம் டாக்டர் சிறுநீரகம் என்று சொல்லிவிட்டுப் போன மாலை, அவளே சொன்னாள்: "இனிப் போடுங்க. சொக்கு பினாங்குல மாட்டிக்கிரட்டும்." சொக்கு எங்கள் மகன்.

காலையில் இமையும் கன்னமும் வீங்குகின்றன. பதினொரு மணிக்கு மேல் சற்றே வடிந்து, அவள் முகம் அவளுக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு நாளும் திரும்பும் அளவு குறைகிறது. கித்தான் காய்வதற்குள் எழுத என்ன மிஞ்சும்?

சும்மா இருக்க இயலாமல் அவள் தோலின் நிறங்களைத் தாள் துண்டுகளில் கலந்து வைக்கிறேன். நெற்றி. கன்னம். மூக்குத்தியின் கீழ் நிழல்.

டர்பன்டைன் அரை பாட்டில் மட்டும். வாங்க வேண்டும்.


நவம்பர் 7, செவ்வாய். மாலை மணி 4.
இலக்கம் 2: காரணம் கண்டது

ஒட்டிய விரலை முகர்ந்தேன். இட்லிப் பொடி வாசம்.

ஆளிவிதை எண்ணெய் பாட்டிலைத் திறந்தேன். அதே வாசம். சிவகாமியின் கட்டிலருகே கொண்டுபோனேன்.

"இதில் யார் கை வைத்தது?"

"நான்தான். அடி தெரிஞ்சுச்சு. எண்ணெப் பாத்திரத்த வெறுசா விட்டா வீட்டுக்கு ஆகுமா? ரெண்டு கரண்டி ஊத்தி வச்சேன்."

"எந்த எண்ணெய்?"

"நல்லெண்ணெதான். கடையில வாங்குனதுன்னு நெனைச்சீகளா? நம்ம எள்ளு, செக்குல நிண்டு ஆட்டுனது."

நல்லெண்ணெய் காயாது. இந்த மழையில் மட்டுமல்ல, சித்திரை வெயிலிலும் காயாது. இருபத்தாறு நாள் காத்தது வீண். சொல்ல வாயெடுத்தேன். அவள் வீங்கிய கையால் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, நிறைந்திருப்பதைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல எண்ணெய்" என்று மட்டும் சொன்னேன்.

பின்கட்டுக்குப் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.


நவம்பர் 8, புதன். காலை மணி 9.15.
இலக்கம் 3: மாற்று ஏற்பாடு

புதுக் கித்தானுக்கு நேரமில்லை. பரணில் கானாடுகாத்தான் செட்டியார் படம் கிடக்கிறது; படத்தில் இருப்பது எங்கள் அப்பச்சி மூக்கே இல்லை என்று அவர் பிள்ளைகள் 1959இல் திருப்பிவிட்டது. எட்டு ஆண்டு காய்ந்த தளம். தேய்த்துவிட்டு அதன்மேல் எழுதலாம் என்றேன்.

சிவகாமி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "ஊரான் மூஞ்சி மேல என் மூஞ்சியா?"

"அவர் தெரியவே மாட்டார்."

"ஒங்களுக்குத் தெரியாது. எனக்கு அடியில மீசை குத்தும்."

பக்கத்து வீட்டு மீனா ஆச்சி கஞ்சி கொண்டு வந்தவர், சிரித்ததில் கிண்ணத்திலிருந்து சிந்தினார். "பொறகு பாவம் அந்தச் செட்டியார் என்ன செய்வாக, இவுகளச் சொமந்துக்கிட்டு!"

கடைசியில் வழி சொன்னவளும் அவளே. எங்கள் கல்யாணத்தில் இருவரும் அமர்ந்த மணைப்பலகை, அரிசி மூட்டைக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது. பர்மாத் தேக்கு. நாற்பத்து நான்கு ஆண்டு உலர்ந்தது. ஒரே பலகை, இணைப்பில்லை. வளைவு அறவே இல்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.

"ஒக்காந்த பலகை. பரவால்லையா?" என்றாள்.

உப்புத்தாள் போட்டேன். பசை மெலிதாக ஒரு கோட்டிங். கணப்புச் சட்டியருகே நிறுத்தியிருக்கிறேன். இரு புறமும் பசை பூச வேண்டும், இல்லையேல் இழுக்கும். பூசினேன்.


நவம்பர் 10, வெள்ளி. மாலை மணி 5.30.
இலக்கம் 4: முதல் அமர்வு

வானம் வெளுத்தது. 10.50 முதல் 12.40 வரை ஒளி மாறவில்லை. நாற்காலியில் மூன்று தலையணை. மீனா ஆச்சி தலை வாரிவிட்டார். அரக்குப் புடவை.

"கொஞ்சம் இங்குட்டுத் திரும்பு. போதும். வாயை மூடு."

"நாப்பது வருசமா இதத்தான் சொல்றீக. இன்னைக்குத்தான் ஒரு காரணம் கெடைச்சிருக்கு."

பாட்டில் எண்ணெய் சேர்க்கவில்லை; டியூப் வண்ணத்தில் உள்ள எண்ணெய் மட்டும், டர்பன்டைனில் இளக்கி. முதலில் நிழல்கள், பழுப்பு. பிறகு நெற்றி, ஏற்கனவே கலந்து பார்த்த நிறம், தயக்கமின்றி வந்தது. கன்னம் 11.30க்கு. வீக்கம் அதிகம் வடிந்த வேளை. மூக்குத்தி ஒரே தொடுகை. வாய் வந்துவிட்டது. அந்த வாயேதான், பேசப் போகிறது.

கண் வைக்கவில்லை. இரு குழிகளில் நிழல் மட்டும். கண்ணைக் கடைசியில் வைப்பது என் வழக்கம். அடி வண்ணம் பிடித்துக்கொண்ட பிறகே வைப்பேன். ஈரத்தில் வைத்தால் கலங்கும்.

காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணையும் இன்னைக்கே போட்டுருங்களேன்."

"அவசரப்படாதே. ஞாயிற்றுக்கிழமை."

"சொக்கு கண்ணு மாதிரி இருக்குமா?"

"அவன் கண்தான் உன்னுடையதைப் போல. ஓரம் இறங்கும்."

"ஏதோ ஒண்ணு" என்றாள். களைத்துவிட்டாள். தூரிகைகளைக் கழுவினேன். அனைத்தையும் கழுவினேன், பயன்படுத்தாதவற்றையும்.


நவம்பர் 12, ஞாயிறு. மணி 11.
இலக்கம் 5

ஒளி நன்றாக உள்ளது. வண்ணம் பிடித்துவிட்டது. தட்டில் கறுப்பு, பழுப்பு, வெள்ளை எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று மாலையிலிருந்து கண் திறக்கவில்லை. மூச்சு இருக்கிறது. கூப்பிட்டால் புருவம் அசைகிறது. டாக்டர் வந்தார். மதுரைக்குக் கொண்டுபோனால் ஆகுமா என்றேன். வழியைத் தாங்காது என்றார். நாடியை விட்டுவிட்டு, பலகையைப் பார்த்தார்.

"ஏன் கண் இல்லை?"

தூரிகைகளை எடுத்து வரிசைப்படுத்தினேன்.

வெள்ளிக்கிழமையே வைத்திருக்கலாம், ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. கலங்கினால் கலங்கட்டும். கலங்கிய கண்ணும் கண்தான்.

பென்சிலால் நினைவிலிருந்து தாளில் முயன்றேன். ஒன்பது தாள். ஒன்றும் அவளில்லை. நாற்பத்து நான்கு ஆண்டு பார்த்ததை வரைய வரவில்லை. ஒன்பதையும் கிழித்தேன்.

மீனா ஆச்சி: "அண்ணே, அங்குட்டுப் போயி ஒரு வாய் சாப்புடுங்க. நான் பாத்துக்கிறேன். முழிச்சாகன்னா கூப்புடுறேன்."

போகவில்லை. தட்டில் வண்ணம் தோல் கட்டுகிறது. எடுத்துவிட்டு மறுபடி பிதுக்கி வைத்தேன்.


நவம்பர் 13, திங்கள். காலை மணி 7.10.
இலக்கம் 6: பினாங்குக்கு எழுதிய கடிதத்தின் நகல்

மழை. அவள் நிலையில் மாற்றமில்லை. தட்டில் மூன்றாம் முறை வண்ணம் வைத்தாயிற்று.

சிரஞ்சீவி சொக்கலிங்கத்துக்கு,
நேற்றைய தந்தி கிடைத்திருக்கும். புறப்பட இயலுமானால் இதைப் படித்துக்கொண்டு நிற்காதே. புறப்படு. இயலாவிடில் ஒரு காரியம் செய். காலை வேளையில் ஜன்னலருகே அமர்ந்து, ஒளி உனக்கு இடப்புறமிருந்து விழும்படி ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பு. மூக்குக்கண்ணாடி கூடாது. சிரிக்காதே. கண்கள் மட்டும் தெளிவாக விழுந்தால் போதும். காரணம் படத்தைப் பார்க்கும்போது தெரியும். அம்மா உனக்காகத்தான் அமர்ந்தாள்.

இத்துடன் வைத்துள்ளவை:
1. கண் வர வேண்டிய இடத்தின் அளவு வரைந்த தாள், ஒன்று. தலையை இதே சாய்வில் வைத்துக்கொள்.
2. நிறம் பார்த்த தாள் துண்டு, ஒன்று. அம்மாவின் கன்னம், நவம்பர் 10, பகல் 11.30. இது உனக்கு, திருப்பி அனுப்ப வேண்டாம்.
3. பிள்ளையார்பட்டி விபூதி, சிறு பொட்டலம்.
4. என் விலாசம் எழுதிய உறை, ஒன்று. வெறும் உறையாக வைக்க அவள் ஒப்ப மாட்டாள். உள்ளே நான்கு மஞ்சள் அரிசி.